மரத்திலிருந்து இறங்கிய மெக்கானிக்

போன ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளை ஒரு குரங்கு ரிப்பேர் செய்து கொடுத்தது.

சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சி ஷோரூம்காரர் பார்த்தார். கஸ்டமர் கேர் பெண் போனிலேயே பார்த்தாள். எங்கள் வீட்டுக்காரர் பூசணிக்காய் சுற்றிப் பார்த்தார். யாராலும் ஆகாத காரியத்தை, கல்வராயன் மலையில் ஒரு வளைவில், வாட்டசாட்டமான ஒரு குரங்கு ஒரே இழுப்பில் முடித்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. கூலியாகப் பச்சை மிளகாய் எடுத்துக்கொண்டது. அதைக் கடித்துவிட்டு என்னை முறைத்தது பாருங்கள்... ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி!

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு — நான் கச்சிராயபாளையத்துக்காரி. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் விவசாயம். கரும்பும் மரவள்ளியும். தங்கமான மனிதர். குடிப்பதில்லை. கோபப்படுவதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டால் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான்.

ஹாரன்.

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். பைக்கில் பின் சீட் எனக்கு. பள்ளி விட்டு வாசலில் ஸ்டெல்லா டீச்சரோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று நின்றால்... பாம்! சந்தையில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசினால்... பாம் பாம்! துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தால்கூட, வெளியில் மெதுவாக, மரியாதையாக ஒரு சின்ன பாம். கேட்டால், "இருட்டிக்கினு வருதேன்னு பாத்தேன்" என்பார். மத்தியானம் இரண்டு மணிக்கு!

இத்தனை வருஷத்தில் என் உடம்பு பழகிவிட்டது. ஏதாவது கல்யாண மண்டப வாசலில் யாரோ யாருக்கோ ஹாரன் அடித்தாலும் என் கால் தானாக எழுந்துகொள்கிறது. பாதி பாயசத்தில் எழுந்திருக்கிறேன். நம்புவீர்களா?

ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "வாணாம் வசந்தி. ரோடு சரியில்ல. லாரி ஜாஸ்தி. நான்தான் கொண்டாந்து விடறேனே" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தோடு என் ஸ்கூட்டர் ஆசை போயிற்று. அவ்வளவு அன்பாகச் சொல்வார்.

கடைசியில் எலெக்ட்ரிக் சைக்கிளில் சமாதானம் ஆனது. சைக்கிள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்துவிட்டார். அதில் பவர் அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. நாம் பெடலை மிதித்தால் கூடவே மோட்டாரும் மிதிக்கும். சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வருவாரே, அந்த மாதிரி. என் முழங்காலுக்கு அது வரப்பிரசாதம்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருக்கிறது. நினைத்த இடத்தில் நிற்கலாம்! வாய்க்கால் பாலத்தில் கொக்கு பார்க்க நின்றேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவிக்கிற வாசனை வந்த வீட்டு வாசலில் நின்றேன். ஒருநாள் ஒன்றுமே இல்லாத ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். சும்மாதான். நிறுத்த முடிகிறது என்பதற்காக. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டுக்காரர் குளித்து, விபூதி பூசி, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் மஞ்சள் நூலில் கோத்து, வீட்டில் ஓடுகிற எல்லா மெஷினுக்கும் கட்டுவார். டிராக்டருக்கு ஒன்று. பைக்குக்கு ஒன்று. பம்ப்செட் மோட்டாருக்கு ஒன்று. கிரைண்டர் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் கண் படாமல் இருக்க. சைக்கிள் வந்ததும் அதற்கும் ஒன்று.

முதலில் சைக்கிளின் முன் கூடையில் கட்டினார். அதைத் தெருவில் ஓர் ஆடு தின்றுவிட்டது. அதனால் ஹேண்டில்பாருக்கு மாற்றினார்.

அந்த வாரம்தான் மோட்டார் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறி மிதிக்கிறேன்... வண்டி நகர மாட்டேன் என்கிறது. டிஸ்பிளேயில் லைட் எரிகிறது. பேட்டரி ஃபுல். ஆனால் மோட்டார் மூச்சுக் காட்டவில்லை. மோட்டார் ஓடாத எலெக்ட்ரிக் சைக்கிளை மிதித்திருக்கிறீர்களா? அம்மிக்கல்லுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். பள்ளி போய்ச் சேர்வதற்குள் பெண்டு நிமிர்ந்துவிட்டது. பிளஸ் ஒன் பெண்கள் இலவச சைக்கிளில் சிட்டாகப் பறந்து என்னைத் தாண்டினார்கள். அதில் ஒருத்தி திரும்பி, "டீச்சர், லேட் ஆனா பெஞ்ச் மேல ஏத்திடுவாங்க டீச்சர்" என்றாள். எல்லாம் நான் கொடுக்கிற இடம்!

வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒரே முடிவு. "கண்ணு பட்டுடுச்சு வசந்தி. ஊர்ல ஒருத்தி உடாம பாக்கறா இல்ல?"

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பொறுமையான பெண். அச்சடித்த கேள்விகளை வரிசையாகக் கேட்டாள்.

"பேட்டரி சார்ஜ் இருக்கா மேம்?"

"ஃபுல்லா இருக்கும்மா."

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேம்."

பண்ணினேன். ஒன்றும் இல்லை.

"பிரேக் சரியா இருக்கா மேம்?"

பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது. "பிரேக்கா? பிரமாதமா பிடிக்குதும்மா!" என்றேன், ஏதோ அதையாவது பெருமையாகச் சொல்லலாமே என்று.

இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள்... அதே அம்மிக்கல். செவ்வாய்க்கிழமை லேசாக உயிர் வந்தது. புதன்கிழமை குதிரையாக ஓடியது. சரி, ஓடும்போதே காட்டிவிடுவோம் என்று பள்ளி முடிந்து கள்ளக்குறிச்சி ஷோரூமுக்கே மிதித்துக்கொண்டு போனேன்.

ஷோரூம்காரர் ஏறி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்தார். "இன்னா மேடம் கம்ப்ளைன்ட்டு? வண்டி பறக்குதே!"

பல் வலியோடு டாக்டர் வாசலை மிதித்ததும் வலி காணாமல் போய்விடுமே, அந்த அவமானம் எனக்கு.

இருந்தாலும் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். ஒயர் சேருகிற இடங்களைப் பிடுங்கி ஊதிச் செருகினார். பெடலுக்குப் பக்கத்தில் காந்தம் பதித்த ஒரு வட்டத்தைக் காட்டி, "இதுதான் மேடம் நீங்க மிதிக்கறதை மோட்டாருக்குச் சொல்ற சென்சாரு. இது நல்லாதான் கீது" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிதிக்கறதுலதான் இன்னாவோ கோளாறு போல."

நான் மிதிப்பதில் கோளாறாம்!

அவர் தொடாத இடம் ஒன்றுதான். ஹேண்டில்பாரில் வாடி வதங்கித் தொளதொளவென்று தொங்கிய எலுமிச்சை மிளகாயை மட்டும் மரியாதையாக ஒதுக்கி, "சாமி சமாச்சாரம், இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி நின்றது. வீட்டுக்காரர் பதறிப்போனார். "கண்ணு சாதாரணமா படல" என்று ஒரு எலுமிச்சை கட்டுவதை இரண்டாக்கினார். அந்த வாரம் புதன்கிழமை வரை ஓடவில்லை. அதற்கடுத்த வாரம் பூசணிக்காய் சுற்றினார். எலுமிச்சை மூன்றானது. வியாழக்கிழமைதான் ஓடியது. அந்த மூன்று எலுமிச்சைக்கு நடுவில் என் சைக்கிள் மாரியம்மன் கோயில் சூலம் மாதிரி நின்றது.

நம் ஊரில் எந்த மெஷின் நின்றாலும் ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் சூடமுமாகத்தானே ஓடுகிறோம்? எது வேலை செய்தது என்று எப்போதாவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

இந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா போன் செய்தாள். ஸ்டெல்லா டீச்சரை மாற்றல் போட்டு வெள்ளிமலைக்கு அனுப்பிவிட்டார்கள். மலைமேல் வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு கோழிக் கொழம்பு வெச்சு சாமைச் சோறு ஆக்கறேன். வா வசந்தி. ஆனா ஒண்ணு, உன் வூட்டுக்காரரு வெளிய நின்னு ஹாரன் அடிக்கற மாதிரின்னா வராத. ஒரு தடவையாவது என்கூட உக்காந்து முழுசா சாப்ட்டிருக்கியா நீ?"

சுருக்கென்றது. அன்று வியாழக்கிழமை. வண்டி வேறு ஓடிக்கொண்டிருந்த தைரியம். ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வெள்ளிமலைக்கு நான் சைக்கிள்லயே போறேங்க."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "மலைக்கா? நான் கொண்டாந்து விடறேனே."

"வேணாங்க."

எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு சொன்னார். "சரி. மலை ஏறிட்டன்னா இனிமே உன் வண்டி, உன் இஷ்டம். நான் வாயே தொறக்க மாட்டேன். ஆனா நடு வழியில நின்னுட்டுதுன்னா, சைக்கிள என் தங்கச்சி வூட்டுக்குக் குடுத்துடலாம். திங்கக்கெழமயிலேர்ந்து பைக்ல ஏறிக்கோ. நீ தள்ளிக்கினு வர்றத ஊரே பாக்குது, எனக்கு மனசு தாங்கல."

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

மறுநாள் வெள்ளி. மோட்டார் செத்தது. வாயை விட்டாயிற்று, இனி என்ன செய்ய? புளியமரம், கொக்கு, மல்லாட்டை... எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் டாட்டா காட்டின. சனிக்கிழமை சாயங்காலம், மலைக்குப் போகிற வண்டியாயிற்றே என்று வீட்டுக்காரர் விசேஷமாக இன்னொரு முறை கட்டினார். புது மஞ்சள் நூல், முறுக்கி முறுக்கி.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினேன். அவரும் கிளம்பினார். பைக்கில், எனக்குப் பின்னால். "கூட வரல. சும்மா பின்னால வரேன்" என்றார். பெட்டியில் தண்ணீர் பாட்டில், துண்டு, குளுக்கோஸ், பிறகு ஒரு தாம்புக்கயிறு. எதற்குக் கயிறு என்று நான் கேட்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துவிட்டேன். மலைப்பாதை தொடங்கியதும் நாக்குத் தள்ளியது. கொஞ்சம் மிதிப்பேன், நிறைய தள்ளுவேன். என் வேகத்துக்கு பைக் ஓட்ட முடியாமல் அவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் எனக்காக அவரே ஹாரன் அடித்தார். பாம்! எதிரே வந்த பஸ்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பஸ் முழுக்கச் சிரித்தது.

கடைசியில் ஒரு வளைவில் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முடியவில்லை. கீழே எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரர் முந்தின வளைவில் ஒரு மினி லாரியை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறார். கை என் சைக்கிளைக் காட்டுகிறது. லாரிக்காரர் தலையாட்டுகிறார். ஏற்றிவிடப் போகிறார்கள். முடிந்தது கதை. திங்கட்கிழமை முதல் பின் சீட், பாம், பாதிப் பாயசம்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அழுதேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்... சைக்கிள் பக்கத்தில் அவர் நிற்கிறார்.

குரங்கார்.

மரத்திலிருந்து எப்போது இறங்கினாரோ தெரியாது. என்னை ஒரு பார்வை. எலுமிச்சையை ஒரு பார்வை. சட்டென்று எம்பி, மூன்று எலுமிச்சையும் மிளகாயுமாகக் கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு! வண்டி ஆடியது. நூல் படக்கென்று அறுந்தது. மிளகாயைக் கடித்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பல்லைக் காட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படி ஏறினேன் என்று தெரியாது. வண்டியில் ஏறி ஒரே மிதி.

விர்ர்ர்ரென்று கிளம்பியது சைக்கிள்!

பின்னால் யாரோ பலசாலி தள்ளிவிட்ட மாதிரி மேட்டில் ஏறுகிறது. நான் கத்துகிறேன். பயத்திலா சந்தோஷத்திலா என்று கேட்காதீர்கள். கீழே லாரிக்காரரும் வீட்டுக்காரரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மூன்று நாளாக மோட்டார் உழைக்காததால் பேட்டரி வேறு முழுசாக இருந்தது!

மேல் வளைவு தாண்டி நிதானத்துக்கு வந்தேன். எப்படி ஓடியது? ஹேண்டில்பாரைப் பார்த்தேன். இடது பக்க பிரேக் லீவரில் அறுந்த மஞ்சள் நூல் சுற்றிக்கிடந்தது. கைப்பிடியைச் சுற்றி, லீவரைச் சுற்றி, இரண்டையும் சேர்த்து இறுக்கியிருந்த நூல்.

மிதித்துக்கொண்டே லீவரை ஒரு விரலால் லேசாகத் தொட்டேன். மோட்டார் நின்றது. விரலை எடுத்தேன். ஓடியது. மறுபடி தொட்டேன். நின்றது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த வண்டியில் பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். லீவர் ஒரு நூல் அளவு அசைந்தாலே போதும். சக்கரத்தை பிரேக் தொடாது, வண்டி உருளும், ஆனால் மோட்டார் மட்டும் ‘அம்மா பிரேக் பிடிக்கிறார்கள்’ என்று கைகட்டி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை இறுக்கமாகக் கட்டுவது, பிரேக் பிடிக்கப் பிடிக்க வாரத்தின் நடுவில் தளர்ந்துபோகும். மோட்டார் ஓடும். வண்டி நின்றுவிட்டதே என்று அவர் அடுத்த முறை இன்னும் இறுக்குவார். வண்டி இன்னும் அதிக நாள் நிற்கும். பிரேக் சரியா இருக்கா மேம்? பிரமாதமா பிடிக்குதும்மா!

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வேண்டுமென்றே கட்டினாரோ? என்னைப் பின் சீட்டில் உட்கார வைக்க இப்படி ஒரு வேலையா?

பைக் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "கடிச்சுதா? எங்க கடிச்சுது? கைய காட்டு!"

"குரங்கை விடுங்க. இதை எப்படிக் கட்டினீங்க?"

நூலைப் பார்த்தார். "சும்மா கட்னா வழுக்கிக்கினு ஓரமா போவுது. அதான் லீவரயும் சேத்து இழுத்துக் கட்னேன்."

"ஒவ்வொரு வாரமும்?"

"நின்னு நின்னு போவுதேன்னு... இன்னும் கொஞ்சம் இறுக்கி."

விரலை வைத்துக் காட்டினேன். நின்றது. ஓடியது. நின்றது. ஓடியது. அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானா?" என்றார். "இத்தினி நாளா நீ தள்ளிக்கினு வந்ததுக்கு நான்தானா காரணம்?"

அந்தக் குரலைக் கேட்டபிறகு எனக்கு எங்கே கோபம் நிற்கும்?

"நீ தனியா போற இல்ல வசந்தி. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேந்துட்டியான்னு நெனச்சுக்கினே வரப்புல நிப்பேன். வேல ஓடாது. கூட வரக் கூடாதுன்னுட்ட. நான் கட்ன நூலாவது உன்கூட போவட்டுமேன்னுதான்..." என்று சொல்லித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது. கூடவே சிரிப்பும் பொங்கியது. மலைமேல் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மரத்திலிருந்து ஒரு பாதி எலுமிச்சை எங்கள் பக்கத்தில் வந்து விழுந்தது.

மிச்ச மலையை மோட்டாரோடு ஏறினேன். ஸ்டெல்லா வீட்டில் முழுசாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டேன். அவரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். பந்தயத்தில் தோற்றவர் என்பதால் வாயே திறக்கவில்லை. நடுவில் ஒரு முறை வாசலுக்குப் போனார். எனக்குத் திக்கென்றது. பைக் பக்கத்தில் நின்றார். வானத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லாவே எழுந்து அவருக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எலுமிச்சை, மிளகாயோடு சைக்கிள் முன்னால் தயங்கி நின்றார். "எங்கதான் கட்டறது?" என்று கேட்டார். பின் கேரியரைக் காட்டினேன். இப்போது எலுமிச்சை பின்னால் ஆடிக்கொண்டே வருகிறது. மோட்டாரும் ஓடுகிறது. நம்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் கட்டுவதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது இல்லையா? எங்கே கட்டுவது என்று காட்டிக்கொடுத்தால் போதும்.

அதே வெள்ளிக்கிழமை, அவர் பைக்குக்கு நானே என் கையால் ஒரு எலுமிச்சை கட்டினேன். எங்கே என்று கேட்கிறீர்களா? ஹாரன் பட்டனுக்கும் அவர் கட்டைவிரலுக்கும் நடுவில்!